புல்வெளி நாட்டின் மண் காப்புத் திட்டங்கள்

வட அமெரிக்கக் கண்டத்தின் நடுவே, ராக்கி மலைத் தொடரின் அடிவாரத்திலிருந்து கிழக்கே மிசிசிப்பி ஆற்றுப் பக்கமாகப் பல நூறு மைல் அகலத்திற்கு மரமற்ற சமவெளி ஒன்று பரந்து கிடக்கிறது. தெற்கே டெக்ஸாஸ் மாநிலத்தில் தொடங்கி வடக்கே கானடா நாட்டின் சஸ்காட்சவான், ஆல்பெர்ட்டா மாகாணங்கள் வரை நீளும் இப்பெருவெளியைப் ‘பிரெய்ரி’ என்பர். கிழக்குப் பாகத்தில் மழை மிகுதி. ஆளுயரப் புல் வளரும். மேற்கே செல்லச் செல்ல மழை குறைந்து ஆண்டுக்கு 20 அங்குலத்திற்கும் கீழே போய்விடும். அங்கே வளர்வது தரையோடு ஒட்டிய குட்டைப் புல். குட்டையாயினும் அதன் வேர் பல அடி ஆழம் சென்று மண்ணை இறுகப் பிணைத்து நிற்கும். பைசன் என்னும் காட்டெருமை மந்தைகளும், அவற்றை நம்பி வாழ்ந்த பழங்குடி மக்களும் நெடுங்காலம் இப்புல்லின்மேல் வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எருமைகள் வேட்டையாடி ஒழிக்கப்பட்டன. பழங்குடியினர் தம் நிலத்தினின்றும் அப்புறப்படுத்தப்பட்டனர். அவர்கள் விட்டுச் சென்ற வெளியில் கலப்பை புகுந்தது.

கலப்பை புகுந்த விதத்தை ஆராய்ந்தால், அதற்கும் ஓர் அரசாங்கத் திட்டமே காரணமாயிருந்தது தெரியவரும். 1862ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய குடியேற்றச் சட்டத்தின்படி, ஐந்தாண்டுக் காலம் குடியிருந்து பயிர் செய்யும் எவருக்கும் 160 ஏக்கர் நிலம் இலவசமாகக் கிடைத்தது. மழை மிகுந்த கீழ்த்திசை மாநிலங்களில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்தைச் செம்மையாகத் தாங்கும். வறண்ட மேற்கிலோ, மாடு மேய்த்துப் பிழைப்பவனுக்கு அதைப் போலப் பல மடங்கு நிலம் வேண்டும். 1909ஆம் ஆண்டுச் சட்டம் 320 ஏக்கராக உயர்த்தியும் அது போதவில்லை. போதாத நிலத்தை வைத்துக்கொண்டு பிழைக்க வேண்டியவன் அதை உழாமல் வேறென்ன செய்வான்? பிற்காலத்தில் குடியானவர்களின் பேராசையே புழுதிக்குக் காரணம் என்று எழுதினோர் பலர். நிலப்பங்கீட்டின் அளவிலேயே தவறு கலந்திருந்ததை அவர்கள் போதிய அளவு கருதவில்லை என்றே தோன்றுகிறது.

முதல் உலகப் போரின்போது கோதுமை விலை ஒரு புஷலுக்கு, அதாவது சுமார் 27 கிலோ எடைக்கு, இரண்டு டாலருக்கு மேல் ஏறிற்று. டிராக்டரும் வட்டுக் கலப்பையும் வந்து சேர்ந்தன. இலட்சக்கணக்கான ஏக்கர் புல் தரை கோதுமை வயலாயிற்று. பின்னர் விலை சரியத் தொடங்கி, 1932இல் புஷலுக்கு 40 செண்டுக்கும் கீழே இறங்கிற்று. விலை குறையக் குறையக் கடனைக் கட்டுவதற்காக மேலும் நிலத்தை உழுதனர். 1931 முதல் மழையும் பொய்த்தது. முளைக்காத வயல்களின் மண்ணைக் காற்று வாரிச் சென்றது. 1934ஆம் ஆண்டு மே மாதத்தில் எழுந்த புழுதி வாஷிங்டன், நியூயார்க் நகரங்களையும் கடந்து அட்லாண்டிக் கடலில் சென்ற கப்பல்களின் மேல் படிந்தது. 1935 ஏப்ரல் 14ஆம் தேதி வந்த புயல் நண்பகலை இருளாக்கியதால் அந்நாளை இன்றும் ‘கறுப்பு ஞாயிறு’ என்று குறிப்பிடுகின்றனர். ஓக்லஹாமா, கான்ஸாஸ், டெக்ஸாஸ், கொலராடோ, நியூ மெக்ஸிகோ ஆகிய ஐந்து மாநிலங்களும் சந்திக்கும் பகுதியே மிகக் கொடிய சேதத்துக்கு உள்ளாயிற்று.

முதல் உதவி

அவசர காலத்தில் அரசாங்கம் செய்த முதற்காரியங்களுள் ஒன்று மாடுகளை விலைக்கு வாங்கியது. புல்லும் நீருமின்றி மந்தைகள் செத்துக்கொண்டிருந்தன; சந்தையில் கேட்பாரில்லை. 1934-35இல் எண்பது இலட்சத்துக்கும் அதிகமான மாடுகளை அரசாங்கம் வாங்கிற்று. உண்ணத் தகுந்தவற்றை இறைச்சியாக்கி டப்பாக்களில் அடைத்து ஏழைகளுக்கு வழங்கினர். தகுதியற்றவற்றை அவ்விடத்திலேயே சுட்டுப் புதைத்தனர். தாம் வளர்த்த மாடுகள் சுடப்படுவதைப் பார்த்து நின்ற குடும்பங்களுக்கு அது எளிதில் ஆறாத துயரம். எனினும் இத்திட்டத்தில் ஓர் ஏற்பாடு கவனிக்கத்தக்கது. மாட்டுக்குக் கொடுத்த பணத்தை இரண்டு பாகமாகப் பிரித்தனர். ஒரு பாகம் மாட்டின் விலை. அதன்மேல் கடன் கொடுத்த பாங்கு உரிமை கொண்டாடலாம். மற்றொரு பாகம் உதவித்தொகை. அதில் கடன்காரர் கை வைக்க இயலாது. அவ்வாறு பிரித்திராவிடில் முழுப் பணமும் பாங்குக்கே போயிருக்கும். குடியானவன் வெறுங்கையோடு நின்றிருப்பான்.

இதே காலத்தில் வடக்கு டக்கோட்டாவிலிருந்து டெக்ஸாஸ் வரையில் காற்றுத் தடை மரவரிசைகள் நடும் வேலையும் தொடங்கிற்று. புல்வெளியில் மரம் பிழைக்காது என்று அறிஞர்களிலேயே பலர் எள்ளினர். முதல் மரம் 1935 மார்ச்சில் ஓக்லஹாமா மாநிலத்தில் நடப்பட்டது. 1942க்குள் ஏறத்தாழ 22 கோடி மரங்கள், 18,600 மைல் நீள வரிசைகளாக, சுமார் 30,000 பண்ணைகளில் ஊன்றப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதி தழைத்தது.

மண் பாதுகாப்பு வட்டங்கள்

இவற்றிலும் நிலையான வேலை மற்றொருவரால் தொடங்கப்பெற்றது. ஹ்யூ ஹாமண்ட் பென்னெட் என்பவர் வட கரோலினா மாநிலத்தில் பருத்திப் பண்ணை ஒன்றில் 1881இல் பிறந்தவர். மண் அளவையாளராக 1903 முதல் ஊரூராக நடந்து, மேல் மண் ஆண்டுதோறும் அரிபட்டுப் போவதைக் கண்ணாரக் கண்டவர். 1928இல் மண் அரிப்பைத் தேசிய அபாயம் என்று கூறும் அறிக்கை ஒன்றை வெளியிட்டார். 1933இல் அமைந்த மண் அரிப்புத் தடுப்பு இலாகாவுக்கு அவரே தலைவரானார். 1935 ஏப்ரல் 27ஆம் தேதி மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. சட்டத்துக்காக அவர் செனட் சபையின் குழு முன் பேசிய நாட்களிலேயே மேற்குப் புழுதி தலைநகரின் வானத்தை மங்கச் செய்து, பாதி வாதத்தை அவருக்காக நடத்திக் கொடுத்ததாக அந்நாட்டார் கதைபோலச் சொல்வர்.

சட்டம் வந்துவிட்டது, நிபுணர்களும் இருந்தனர். ஆனால் தனியாருடைய நிலத்தில் வாஷிங்டனிலிருந்து வந்த அதிகாரி எந்த உரிமையோடு கால் வைப்பது? இதற்கு விடையாக ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1937ஆம் ஆண்டில் மாநில ஆளுநர்கள் அனைவருக்கும் ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பினார். ஊராட்சி உறுப்பினர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டிய பகுதி இதுவே. ஒரு வட்டாரத்தில் நிலம் வைத்திருப்போர் 25 பேர் கையெழுத்திட்டு மனுச் செய்யவேண்டும். அதன்மேல் பொது விசாரணை நடக்கும். பின்பு அவ்வட்டார நிலத்தவர் யாவரும் வாக்களிப்பர். பெரும்பான்மையோர் விரும்பினால் ‘மண் பாதுகாப்பு வட்டம்’ ஒன்று அமையும். அதை நடத்த ஐந்து பேர் கொண்ட குழு. மூவரை நிலத்தவர் தேர்ந்தெடுப்பர், இருவரை மாநிலக் குழு நியமிக்கும். இவர்கள் சம்பளக்காரர்கள் அல்லர், உழவர்களே. மத்திய அரசாங்கம் பொறியியலறிஞரையும் புல் வல்லுநரையும் அனுப்பி உதவும். எந்த வேலை முன்னே, எந்த வேலை பின்னே என்று முடிவு செய்வது குழுவின் அதிகாரம். முதல் வட்டம் 1937இல் பென்னெட்டின் சொந்த ஊர்ப் பக்கத்திலேயே அமைந்தது. இன்று அந்நாட்டில் ஏறத்தாழ 3,000 வட்டங்கள் உள்ளன.

வட்டத்தின் வேலை, ஒவ்வொரு பண்ணைக்கும் நிலத் திட்டம் வகுப்பதில் தொடங்கும். நிலம் எட்டு வகுப்பாகப் பிரிக்கப்படும். முதல் நான்கு வகுப்பு நிலங்கள் உழத் தகுந்தவை. முதல் வகுப்பில் தடையின்றிப் பயிரிடலாம், நான்காம் வகுப்பில் மிக்க எச்சரிக்கை வேண்டும். ஐந்து முதல் எட்டு வரையுள்ள நிலங்கள் புல்லுக்கும் மரத்துக்கும் காட்டு உயிர்களுக்கும் உரியவை. சரிவு, மண்ணின் ஆழம், கல், ஈரம் ஆகியவற்றைப் பார்த்தே வகுப்பு நிர்ணயமாகும். ஒரே பண்ணையில் மூன்று நான்கு வகுப்புகள் கலந்திருப்பது சாதாரணம். வல்லுநரும் உழவரும் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வயல் வயலாக நடந்து, இங்கே சம உயர வரப்பு, இங்கே பட்டைப் பயிர், அந்த மேட்டை மட்டும் புல்லுக்கு விட்டுவிடலாம் என்று பேசி முடிவு செய்வர். சேர்வதும் சேராததும் உழவரின் விருப்பம்.

மாதிரிச் சட்டத்தில் கட்டாயப்படுத்தும் அதிகாரமும் இருந்தது. நிலத்தவர் வாக்களித்து விதி செய்துகொண்டால், காற்றுக்குப் பறக்கும் நிலத்தை உழக்கூடாது என்று வட்டமே தடை விதிக்கலாம். பல மாநிலங்கள் இப்பகுதியைச் சட்டத்திலிருந்தே நீக்கிவிட்டன. கொலராடோ போன்ற இடங்களில் சில வட்டங்கள் மட்டும் இதைக் கையாண்டு பார்த்தன. கோதுமை விலை ஏறியதும் அங்கும் எதிர்ப்பு எழுந்தது. அண்டை வீட்டாரைத் தண்டிக்க அண்டை வீட்டார் துணிவதில்லை. இதனால் அமெரிக்கக் கொள்கை, தடுப்பதை விட்டுப் பணம் கொடுத்து இணங்கச் செய்யும் வழியிலேயே வளர்ந்தது.

ஒப்பந்தமும் குத்தகையும்

1950களில் மீண்டும் கடும் வறட்சி வந்தது. 1956இல் புல்வெளி மாநிலங்கள் பத்துக்கும் தனியே ஒரு பாதுகாப்புத் திட்டம் இயற்றப்பட்டது. இத்திட்டத்தில் ஒரு வேலைக்கு ஒரு மானியம் என்ற முறை இல்லை. பண்ணை முழுவதற்கும் திட்டம் வகுத்து, 3 முதல் 10 ஆண்டு வரை ஒப்பந்தம் செய்துகொள்வர். புல் விதைத்தல், வேலி பிரித்தல், குட்டை வெட்டுதல் போன்றவற்றின் செலவில் 80 சதவிகிதம் வரை அரசாங்கம் ஏற்கும். வானம் எப்படி இருந்தாலும் இன்ன ஆண்டில் இன்ன வேலைக்குப் பணம் வரும் என்ற உறுதி உழவருக்குக் கிடைத்தது. நாற்பதாண்டு நடந்த இத்திட்டம் 1996இல் நாடு முழுவதற்குமான சுற்றுச்சூழல் தர ஊக்கத் திட்டத்தில் இணைக்கப்பட்டது.

அதே 1956இல் தொடங்கிய ‘மண் சேமிப்பு’ ஏற்பாடு வேறு வகையானது. நிலத்தைப் பயிரிடாமல் புல்லுக்கு விடுவோருக்கு ஆண்டுக் குத்தகை கொடுக்கப்பட்டது. 1960இல் 2 கோடியே 87 இலட்சம் ஏக்கர் இதில் சேர்ந்திருந்தது. ஒப்பந்தங்கள் முடிந்தன. 1972இல் சோவியத் நாடு பெருமளவில் தானியம் வாங்கவே விலை உயர்ந்தது. வேலி முதல் வேலி வரை உழுது பயிரிடும்படி அந்நாட்களில் விவசாய இலாகாவே ஊக்கிற்று. புல் மீண்டும் வயலாயிற்று. சுழன்று நீர் தெளிக்கும் பெரிய பாசன இயந்திரங்களுக்கு இடையூறென்று, 1930களில் நட்ட மரவரிசைகளையும் பலர் வேரோடு பெயர்த்தனர்.

இவ்வனுபவத்திற்குப் பின் 1985ஆம் ஆண்டு விவசாயச் சட்டம் இரண்டு கைகளோடு வந்தது. ஒரு கை கொடுப்பது. அரிபடும் நிலத்தை 10 முதல் 15 ஆண்டுகளுக்குப் புல்லாக்க இசைவோருக்கு ஆண்டுதோறும் குத்தகையும், விதைப்புச் செலவில் ஏறத்தாழப் பாதியும் கொடுக்கும் நிலக்காப்பு ஒதுக்கீட்டுத் திட்டம் அது. விரும்புவோர் தம் நிலத்தைக் கூறி ஏலம்போல விண்ணப்பிப்பர். மண்ணுக்கும் நீருக்கும் காட்டு உயிர்களுக்கும் கிடைக்கும் பயனையும் கேட்கும் குத்தகையையும் கணக்கிட்டு மதிப்பெண் இடுவர். மற்றொரு கை நிறுத்துவது. மிகுதியும் அரிபடும் நிலத்தைக் காப்புத் திட்டமின்றி உழுபவருக்கு விலை ஆதரவு முதலிய அரசாங்க உதவிகள் மறுக்கப்படும். உழாதே என்று சட்டம் சொல்லவில்லை. உழுதால் எம்மிடம் வராதே என்று சொல்லிற்று. 2014இல் பயிர்க் காப்புறுதி மானியமும் இந்நிபந்தனைக்குள் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டுச் சட்டம், வடக்கு டக்கோட்டா, தெற்கு டக்கோட்டா, மாண்டானா, நெப்ராஸ்கா, மின்னசோட்டா, அயோவா ஆகிய ஆறு மாநிலங்களில் ஒருபோதும் உழப்படாத புல் தரையை முதல் முறை உடைப்பவருக்குக் காப்புறுதி மானியத்தைக் குறைத்தது.

ஒதுக்கீட்டுத் திட்டத்தில் வேறொரு வரம்பும் உண்டு. பொதுவாக ஒரு கவுண்டியின் பயிர் நிலத்தில் 25 சதவிகிதத்துக்கு மேல் சேர்க்கலாகாது. இதன் காரணத்தைக் கிராமத்தில் வாழ்வோர் உடனே உணர்வர். வயல் உறங்கினால் நிலத்துக்குடையவருக்குக் குத்தகை வந்துவிடும். விதை விற்பவர், உரம் விற்பவர், டிராக்டர் பழுது பார்ப்பவர், தானியக் கிடங்கு நடத்துபவர் ஆகியோருக்கு என்ன வரும்? குத்தகைப் பணத்தோடு முதியவர் நகரத்துக்குக் குடிபெயர்ந்தால் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் குறைவர். ஏற்கெனவே மக்கள் குறைந்துவரும் சிற்றூர்களுக்கு இது பெரிய கவலை. இளம் உழவர்களும், அரசாங்கமே குத்தகைக்குப் போட்டியிட்டால் நாங்கள் நிலத்துக்கு எங்கே போவது என்று முறையிட்டதுண்டு. மண்ணைக் காக்கும் திட்டம் ஊரைக் காக்குமா என்ற இக்கேள்விக்கு 25 சதவிகித வரம்பு முழு விடை ஆகாது. ஆயினும் கேள்வியைச் சட்டமே ஒப்புக்கொண்டதற்கு அது அடையாளம்.

2007ஆம் ஆண்டில் இத்திட்டத்தின் கீழ் 3 கோடியே 68 இலட்சம் ஏக்கர் இருந்தது, அதுவே உச்சம். அவ்வேளையில் மக்காச்சோளத்திலிருந்து எரிசாராயம் எடுப்பது பெருகி விலை ஏறிற்று. ஒப்பந்தம் முடிந்தவர்கள் புதுப்பிக்கவில்லை. செலவைக் குறைக்கும் நோக்கத்தோடு 2014ஆம் ஆண்டுச் சட்டமும் உச்ச வரம்பை 2 கோடியே 40 இலட்சம் ஏக்கராகத் தாழ்த்தியது. ஒப்பந்தத்தால் காக்கப்படும் புல், விலை தாழ்ந்திருக்கும் வரையில்தான் உறுதியாக நிற்கிறது. இதனாலேயே 1930களில் உழவர் கைவிட்ட நிலங்களை அரசாங்கம் அடியோடு வாங்கிப் புல்லாக்கிய பகுதிகள் தனி மதிப்புப் பெறுகின்றன. அவை 1960 முதல் ‘தேசியப் புல்வெளிகள்’ என்ற பெயரோடு உள்ளன. பரப்பு ஏறத்தாழ 40 இலட்சம் ஏக்கர். அக்கம்பக்கத்து மந்தைக்காரர்கள் கட்டணம் செலுத்தி அங்கே மாடு மேய்க்கின்றனர்.

மந்தைக்காரருக்கு உதவி

உழவர்க்குப் புல் ஓய்வு. மந்தைக்காரருக்கோ புல்லே தொழில். ஆதலால் அவர்க்கு வேண்டிய உதவி வேறு. பெரிய மேய்ச்சல் வெளியை வேலியால் பல பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முறைவைத்து மேயவிட்டுப் பின் ஓய்வு கொடுப்பதே புல் அழியாமல் காக்கும் வழி. ஆனால் எல்லாப் பகுதிக்கும் நீர் வேண்டும். நீர் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் அதைச் சுற்றிய புல் மண்ணோடு அழியும். தொலைவிலுள்ள புல் மேயாமலே காயும். இதற்காக வேலி, குழாய், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் செலவில் 75 சதவிகிதம் வரையும், புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கும் வசதி குறைந்தோருக்கும் 90 சதவிகிதம் வரையும் ஊக்கத் திட்டம் ஏற்கிறது. புல்லை மூடிப் படரும் செந்தேவதாரு என்னும் மரத்தை வெட்டவும், காலமறிந்து தீயிட்டு அடக்கவும் உதவி உண்டு. ஒரு காலத்தில் காற்றுத் தடைக்காக அரசாங்கம் நட்டவற்றுள் இம்மரமும் ஒன்று! இயற்கைத் தீயை மனிதர் அடக்கிவிட்டமையால் அது வரிசையை விட்டு வெளியேறிப் புல்வெளிக்கே பகையாயிற்று.

வறட்சிக்கால உதவி அளிப்பதில் இப்போது தெளிவான முறை ஒன்று உள்ளது. 1999 முதல் வாரந்தோறும் வியாழக்கிழமை வறட்சி வரைபடம் வெளியாகிறது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகமும் மத்திய இலாகாக்களும் சேர்ந்து இதைத் தயாரிக்கின்றன. ஒரு கவுண்டி குறித்த வாரங்கள் கடும் வறட்சிப் படியில் நீடித்தால், அங்குள்ள மந்தைக்காரர்க்குத் தீவனச் செலவின் ஒரு பகுதி உரிமையாகக் கிடைக்கும். மாவட்டந்தோறும் வறட்சியா இல்லையா என்று வாதாடி நிற்க வேண்டுவதில்லை. விண்ணப்பம் பெறும் கவுண்டி அலுவலகத்தின் மேற்பார்வைக்கும் உழவர்கள் தேர்ந்தெடுக்கும் குழு உண்டு.

ஆனால் உரிமை ஏட்டில் இல்லாத நாளில் இடர் வந்தால் என்ன ஆகும் என்பதை 2013 அக்டோபர் காட்டிற்று. தெற்கு டக்கோட்டாவின் மேற்குப் பகுதியில் மாதத் தொடக்கத்திலேயே எதிர்பாராப் பனிப்புயல் வீசிற்று. மாடுகள் இன்னும் கோடை மேய்ச்சல் வெளியிலேயே இருந்தன. அவற்றுக்குக் குளிர்கால ரோமம் அடர்த்தியாக வளரவில்லை. முதலில் மழையில் நனைந்து, பின் பனியில் அகப்பட்டு, பல்லாயிரம் மாடுகள் மாண்டன. இறந்த கால்நடைக்கு ஈடு கொடுக்கும் திட்டத்தின் சட்டக் காலம் 2011இலேயே முடிந்து, புதிய சட்டம் வராமல் நின்றிருந்தது. வரவு செலவுத் தகராறினால் மத்திய அலுவலகங்களும் அவ்வாரம் மூடிக் கிடந்தன. முறையிடக் கதவில்லை. இருப்பினும் விவரமறிந்த மந்தைக்காரர்கள் இறந்த மாடுகளைப் படம் பிடித்து, காது அடையாளங்களைக் குறித்து, மூன்றாம் மனிதர் சான்றும் பெற்று வைத்தனர். 2014 பிப்ரவரியில் வந்த சட்டம் ஈட்டுத் திட்டத்தை நிரந்தரமாக்கி, 2011 அக்டோபர் முதல் நேர்ந்த இழப்புக்கும் பொருந்தச் செய்தது. சந்தை மதிப்பில் 75 சதவிகிதம் ஈடாக வழங்கப்பட்டது. சான்று வைத்திருந்தவர்க்கு அது கைக்கு வந்தது.

நிலத்தைப் பிற்காலத்திலும் எவரும் உழவோ மனைகளாகக் கூறு போடவோ கூடாதென்று எண்ணும் மந்தைக்காரர் அவ்வுரிமையை மட்டும் விற்றுவிடலாம். நிலமும் மேய்ச்சலும் அவருடையவை. உழும் உரிமை எக்காலத்துக்கும் நீங்கும். அதற்கு ஈடான பணத்தில் அரசாங்கம் ஒரு பங்கு தரும். மகனுக்கும் பேரனுக்கும் சேர்த்துத் தாத்தா கையெழுத்திடும் காரியமாதலால் பல குடும்பங்கள் இதற்குத் தயங்குகின்றன. அத்தயக்கத்தைக் குறை கூற இயலாது.

எல்லைக்கு வடக்கே கானடா வேறொரு வழியைக் கையாண்டது. 1935இல் ரெஜைனா நகரைத் தலைமையிடமாகக் கொண்டு பிரெய்ரி பண்ணைப் புனரமைப்பு நிர்வாகம் அமைந்தது. பண்ணைதோறும் மழைநீர்க் குட்டைகள் வெட்ட அது உதவியது. இந்தியன் ஹெட் என்ற ஊரில் 1901 முதல் நடந்த அரசாங்க நாற்றங்கால், 60 கோடிக்கும் மேற்பட்ட மரக்கன்றுகளை உழவர்க்கு வழங்கிற்று. கைவிடப்பட்ட வயல்களைப் புல்லாக்கி, வேலியிட்டு, பொது மேய்ச்சல் நிலங்களாக நிர்வாகமே நடத்திற்று. சிறு மந்தைக்காரர் தம் மாடுகளை அங்கே கோடை முழுவதும் விட்டு, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்துவர். மேய்ச்சல் மேற்பார்வையாளர் குதிரையேறிக் கவனிப்பார். நல்ல இனக் காளைகளும் அங்கே வைக்கப்பட்டிருந்தன. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இப்படி நடந்தபின், இனி இது மத்திய அரசாங்கத்தின் பொறுப்பன்று என்று 2012இல் முடிவு செய்யப்பட்டது. மறு ஆண்டில் மரக்கன்றுத் திட்டமும் நின்றது. மேய்ச்சல் நிலங்கள் படிப்படியாக மாகாணங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அவை தனியாருக்கு விற்கப்பட்டு உழப்படுமோ என்ற அச்சம் எழுந்தது. மந்தைக்காரரும் பறவை ஆர்வலரும் ஒரே மேடையில் நின்று எதிர்ப்புத் தெரிவித்தனர். சஸ்காட்சவானில் அந்தந்த நிலத்தில் மாடு மேய்த்து வந்தவர்களே சங்கமாகச் சேர்ந்து அதைக் குத்தகைக்கு எடுத்தனர். மானிடோபாவில் மேய்ப்போருக்கான ஒரு பொதுச் சங்கம் பொறுப்பேற்றது. மேற்பார்வையாளரின் சம்பளம், வேலி பழுது, ஒரு பருவத்துக்கு எத்தனை மாடு என்ற கணக்கு ஆகிய எல்லாவற்றையும் இப்போது அச்சங்கத்தாரே கூடி முடிவு செய்கின்றனர்.